கிருமிகளை எண்ணிய ஹாரியட் சிக்

ஹாரியட் சிக் என்ற பெயரைக் கேட்டதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரும். ஆமாம், ஆங்கிலத்தில் 'சிக்' என்றால் கோழிக்குஞ்சுதான். சிரிச்சு முடிச்சாச்சா? சரி, இனிக் கதைக்கு வருவோம்.

இவர் லண்டனில் பிறந்து, லண்டனிலேயே நெடுங்காலம் வேலை செய்த விஞ்ஞானி. பாக்டீரியாக்களை ஆராய்ந்தவர். நீங்கள் குழாயைத் திறந்து தண்ணீர் குடிக்கிறீர்கள். நீச்சல் குளத்தில் குதிக்கிறீர்கள். அந்தத் தண்ணீரில் கிருமி சாக எவ்வளவு குளோரின் போட வேண்டும், எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று கணக்குப் போட, இவர் 1908இல் கண்டுபிடித்த ஒரு விதி இன்றைக்கும் உதவுகிறது. அதே ஆள் பிற்பாடு நம் வீட்டுப் பயறையும் பருப்பையும் எடுத்து ஆராய்ந்தார். கிருமி ஆராய்ச்சி செய்தவருக்குப் பயறோடு என்ன வேலை? அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஹாரியட் 1875ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி பிறந்தார். அப்பா சாமுவேல் சிக் லேஸ் துணி வியாபாரி. வீடு நிறையப் பிள்ளைகள். அதில் ஹாரியட் ஐந்தாவது. கண்டிப்பான வீடு. ஆடம்பரம் கிடையாது, தினமும் குடும்பமாகப் பிரார்த்தனை உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் அந்த அப்பா அம்மாவைப் பாராட்டத்தான் வேண்டும். ஏழு பெண் பிள்ளைகளையும் நாட்டிங் ஹில் பெண்கள் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே அறிவியலை நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் பல பெண்கள் பள்ளிகளில் தையலும் பியானோவும்தான் முக்கியம்.

1894இல் ஹாரியட் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சேர்ந்தார். அது பெண்களுக்குப் பட்டம் கொடுத்த இடம். கேம்பிரிட்ஜில் பெண்கள் வகுப்பில் உட்காரலாம், பரீட்சையும் எழுதலாம், ஆனால் முழுப் பட்டம் கிடைக்காது. 1948 வரைக்கும் அப்படித்தான் இருந்தது. யோசிச்சுப் பாருங்க!

படிப்பு முடிந்ததும் லிவர்பூல், வியன்னா, மியூனிக் என்று ஊர் ஊராகப் போய்ப் பாக்டீரியா ஆராய்ச்சியைக் கற்றுக்கொண்டார். அழுக்குத் தண்ணீரில் வளரும் பச்சைப் பாசிகளை ஆராய்ந்து 1904இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அடுத்த ஆண்டு, 1905இல், ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டார். செல்சியில் தேம்ஸ் ஆற்றின் பக்கத்தில் லிஸ்டர் நிறுவனம் இருந்தது. நோய்களைத் தடுக்க வழி தேடும் இடம் அது. அங்கே ஆராய்ச்சி உதவித்தொகை ஒன்று இருந்தது. அதுவரை எந்தப் பெண்ணுக்கும் அதைக் கொடுத்ததில்லை. ஹாரியட்டின் விண்ணப்பம் வந்ததும் அங்கே வேலை செய்த இரண்டு பேர் இயக்குநரிடம் போனார்கள். ஒரு பெண்ணை எடுக்கும் முட்டாள்தனத்தைச் செய்துவிடாதீர்கள் என்று கெஞ்சினார்கள். இயக்குநர் சார்லஸ் மார்ட்டின் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹாரியட்டை எடுத்தார். அன்று தொடங்கி ஐம்பது ஆண்டுக்கும் மேலாக அந்த நிறுவனத்தோடு ஹாரியட்டுக்குத் தொடர்பு இருந்தது. கெஞ்சின அந்த இரண்டு பேரின் பெயரை இன்று யாரும் பாடப் புத்தகத்தில் எழுதுவதில்லை. நானும் எழுதப்போவதில்லை.

முதல் வேலை: கிருமிநாசினி எப்படிக் கிருமியைக் கொல்கிறது என்று பார்ப்பது. கிருமிநாசினி என்றால் கிருமியை அழிக்கும் மருந்து. வீட்டில் தரை துடைக்கத் தண்ணீரில் ஊற்றுவார்களே, அந்த மாதிரி.

ஒரு குப்பியில் 1,000 பாக்டீரியா இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மருந்தை ஊற்றுகிறோம். எல்லாம் ஒரே நேரத்தில் செத்துப்போகுமா? அல்லது நிமிடத்துக்கு 100 வீதம் சாகுமா? ஹாரியட் ஊகம் செய்யவில்லை, எண்ணிப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை குப்பியிலிருந்து ஒரு துளி எடுப்பார். அதைத் தட்டில் வளர்ப்பார். உயிரோடு இருக்கும் ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகி ஒரு சின்னப் புள்ளியாகத் தெரியும். புள்ளிகளை எண்ணுவார். எழுதுவார். மறுபடியும் அடுத்த துளி. ஆந்த்ராக்ஸ் என்ற பயங்கர நோயைக் கொடுக்கும் கிருமியின் வித்துகளையும் இப்படித்தான் எண்ணினார்.

அவர் கண்டது இதுதான். முதல் நிமிடத்தில் 1,000இல் பாதி செத்து 500 மிஞ்சினால், அடுத்த நிமிடத்தில் அந்த 500இல் பாதி சாகும். மிச்சம் 250. அதற்கடுத்து 125. ஒவ்வொரு நிமிடமும் சாகும் எண்ணிக்கை மாறும், ஆனால் இருப்பதில் எத்தனை பங்கு சாகிறது என்பது மாறாது. இதைத்தான் 'சிக் விதி' என்று சொல்கிறார்கள். நான் வேலைக்காகக் கணினி நிரல் எழுதும் ஆள். இந்த மாதிரிப் பாதி பாதியாகக் குறையும் கணக்கைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தோஷம். உங்களுக்கு இது வெறும் வகுத்தல் மாதிரித் தெரியலாம். ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை இருக்கு. பாதி பாதியாகக் குறைந்தால் கடைசிக் கிருமி சாக நேரம் எடுக்கும். அதனால்தான் மருந்தை ஊற்றின உடனே துடைத்துவிடாமல் கொஞ்ச நேரம் விடச் சொல்லிப் போத்தலில் எழுதியிருக்கிறார்கள்.

அதே ஆண்டு, 1908இல், ஹாரியட்டும் மார்ட்டினும் சேர்ந்து இன்னொரு வேலை செய்தார்கள். அப்போது கிருமிநாசினியைச் சுத்தமான தண்ணீரில் வைத்துத்தான் சோதிப்பார்கள். அது நன்றாக வேலை செய்யும், உடனே நல்ல மருந்து என்று விற்கலாம். ஆனால் நிஜத்தில் கிருமி சுத்தமான தண்ணீரிலா இருக்கிறது? கழிப்பறையில், சாக்கடையில், நோயாளியின் படுக்கையில் அல்லவா இருக்கிறது! ஆகவே இவர்கள் காய்ந்த மலத்தைப் பொடி செய்து, கிருமியோடு கலந்து சோதித்தார்கள். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். சுத்தத் தண்ணீரில் வீரம் காட்டின சில மருந்துகள் அழுக்கில் தோற்றுப்போயின. இந்தச் சோதனைக்கு 'சிக்-மார்ட்டின் சோதனை' என்று பெயர். பிற்காலத்தில் மலத்துக்குப் பதிலாக ஈஸ்ட் சேர்த்தார்கள். ஆய்வகத்தில் வேலை செய்தவர்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்!

அதன் பிறகு எலித் தெள்ளு. இந்தியாவில் அப்போது பிளேக் நோய் லட்சக்கணக்கான மக்களைக் கொன்றுகொண்டிருந்தது. எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சி அந்த நோயை மனிதருக்குக் கொண்டுவருகிறது என்று பம்பாயில் நடந்த ஆராய்ச்சியில் தெரிந்தது. இங்கிலாந்து எலிகளின் தெள்ளும் மனிதனைக் கடிக்குமா? ஹாரியட்டும் மார்ட்டினும் அதையும் சோதித்து 1911இல் எழுதினார்கள். கடிக்கும் என்பதுதான் பதில்.

1914இல் முதல் உலகப் போர் வந்தது. முதலில் ஹாரியட் படைவீரர்களுக்கு டெட்டனஸ் மருந்தைக் குப்பிகளில் நிரப்பும் வேலையில் இருந்தார். பிறகு ஒரு புதிர் அவர் கைக்கு வந்தது. அதைச் சொல்ல நாம் ஈராக் நாட்டுக்குப் போக வேண்டும். அப்போது அதை மெசபொட்டேமியா என்பார்கள்.

அங்கே கூட் என்ற ஊரில், 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை, பிரிட்டிஷ் படையைத் துருக்கிப் படை வளைத்துக்கொண்டது. வெளியே போகவும் முடியாது, உணவு உள்ளே வரவும் வழியில்லை. அந்தப் படையில் ஆங்கில வீரர்களும் இருந்தார்கள், இந்திய வீரர்களும் இருந்தார்கள். ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே தண்ணீர். ஆனால் நோய் மட்டும் வேறு வேறு!

ஆங்கில வீரர்களுக்குக் கால் வீங்கியது, நடக்க முடியவில்லை. அது பெரிபெரி. இந்திய வீரர்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது, உடம்பு சோர்ந்தது. அது ஸ்கர்வி. கிருமிதான் காரணம் என்றால் அது ஆளைப் பார்த்தா பிடிக்கும்?

விடை தட்டில் இருந்தது. ஆங்கிலேயர் வெள்ளை மாவு ரொட்டி சாப்பிட்டார்கள். இந்தியர் தவிட்டோடு அரைத்த ஆட்டா மாவும் பருப்பும் சாப்பிட்டார்கள். அதனால் இந்தியருக்குப் பெரிபெரி வரவில்லை. வெள்ளை மாவு தீர்ந்துபோய், ஆங்கிலேயரும் தவிட்டு மாவு சாப்பிட வேண்டி வந்தது. அவர்களுடைய பெரிபெரியும் போயிற்று! சரி, ஸ்கர்வி? உணவு குறைந்ததும் குதிரைகளை வெட்டினார்கள். ஆங்கிலேயர் அந்தப் புதிய இறைச்சியைச் சாப்பிட்டார்கள். அதிலிருந்து கிடைத்த கொஞ்சம் சத்து ஸ்கர்வியைத் தடுத்தது. இந்திய வீரர்கள் பலர் குதிரை இறைச்சியைத் தொடவில்லை. அது அவர்கள் வழக்கமும் இல்லை, நம்பிக்கைக்கும் ஒத்துவரவில்லை. காய்கறியும் இல்லை, பழமும் இல்லை. பாவம், நோய் அவர்களைப் பிடித்துக்கொண்டது.

இன்று நாம் வைட்டமின் பி1, வைட்டமின் சி என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அன்று அவற்றைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. எந்த உணவில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பட்டியல்கூடக் கிடையாது. ஹாரியட்டும் அவருடைய தோழி மார்கரெட் ஹியூமும் அந்தப் பட்டியலைத்தான் தயார் செய்யத் தொடங்கினார்கள். தீட்டிய அரிசி மட்டும் தின்ற புறாக்களுக்குப் பெரிபெரி மாதிரியே நோய் வந்தது. கோதுமையின் முளைப் பகுதியைக் கொஞ்சம் கொடுத்தால் சீக்கிரமே தேறின. ஆலையில் வெள்ளை மாவு செய்யும்போது தூக்கிப் போடும் பகுதி அது!

இங்கே ஒரு சின்னச் செய்தி. மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்த தமிழர்கள் புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள். அங்கே வெள்ளை அரிசி சாப்பிட்ட மற்றவர்களுக்கு வந்த அளவு பெரிபெரி அவர்களுக்கு வரவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள்ளே போய்விடும். உங்கள் வீட்டில் புழுங்கல் அரிசிச் சோறு வேண்டாம் என்று அடம் பிடிக்கிறவர்கள் கவனிக்கவும்.

இப்போது பயறுக்கு வருவோம். ஸ்கர்வியைத் தடுக்கப் பழமும் காய்கறியும் போதும். ஆனால் பாலைவனத்தில் இருக்கும் படைக்குப் பழம் எப்படி அனுப்புவது? போகிற வழியிலேயே அழுகிவிடும். காய்ந்த பயறும் பருப்பும் எத்தனை மாதமானாலும் கெடாது. ஆனால் காய்ந்த பயறில் வைட்டமின் சி கிடையாது. அதை ஊறவைத்து முளைக்க விட்டால்? நோர்வேயில் ஃபியூர்ஸ்ட் என்பவர் 1912இல் இதைக் கவனித்திருந்தார். ஹாரியட், எலன் டெல்ஃப் என்ற தாவரவியலாளரோடு சேர்ந்து, கினிப் பன்றிகளுக்குக் கொடுத்து அளந்து பார்த்தார். கினிப் பன்றிக்கும் நம்மைப் போலவே உணவில் வைட்டமின் சி வேண்டும். எலியும் புறாவும் தாமே உடம்பில் செய்துகொள்ளும். அளந்து பார்த்ததில், ஊறவைத்து இரண்டு நாள் முளைக்க விட்ட பயறில் ஸ்கர்வியைத் தடுக்கும் சக்தி பல மடங்கு கூடியிருந்தது. நீண்ட நேரம் வேகவைத்தால் அந்தச் சக்தி போய்விடும் என்பதையும் கண்டார்கள். 1919இல் இதை வெளியிட்டார்கள்.

அதற்கு முன்பே செர்பியப் படைவீரர்களுக்கு ஸ்கர்வி வந்தபோது, வில்ட்ஷயர் என்ற மருத்துவர் சிலருக்கு எலுமிச்சைச் சாறும் சிலருக்கு முளைகட்டிய அவரையும் கொடுத்தார். முளைகட்டிய அவரை சாப்பிட்டவர்களும் நன்றாகக் குணமானார்கள்.

நம் பாட்டிமார் பல தலைமுறையாகப் பயறை ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு முளைகட்டியவர்கள்தான். அவர்கள் ஏன் என்று கேட்டு அளக்கவில்லை. ஹாரியட் அளந்தார். கோலியர்ஸ் வுட்டிலிருந்து டூட்டிங் வரை நடந்தால் கடைக்குக் கடை பயறு இருக்கிறது. ஒரு கை பச்சைப் பயறு வாங்கி இரவு ஊறவையுங்கள். காலையில் தண்ணீரை வடித்து ஈரத் துணியில் கட்டி வையுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் வெள்ளை வால் எட்டிப் பார்க்கும். நம் ஊர்க் குளிரில் மூன்று நாளும் ஆகலாம். நன்றாகக் கழுவி, அம்மா அப்பாவோடு சேர்ந்து கொஞ்சமாக ஆவியில் அவித்துச் சாப்பிடுங்கள்.

எலுமிச்சையிலும் ஒரு குழப்பம் இருந்தது. தமிழில் எலுமிச்சை என்போம், இலங்கையில் தேசிக்காய் என்போம். பெரும்பாலும் அது சின்னப் பச்சைப் பழமான லைம். இங்கே கடையில் இருக்கும் பெரிய மஞ்சள் பழம் லெமன். இரண்டையும் நாம் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலக் கடற்படையும் அப்படித்தான் செய்தது! பழைய காலத்தில் கப்பலில் கொடுத்தது லெமன் சாறு. அதையும் 'லைம் ஜூஸ்' என்றே சொன்னார்கள். 1860களில் மேற்கிந்தியத் தீவுகளின் லைம் சாற்றுக்கு மாறினார்கள். பெயர் ஒன்றுதானே என்று யாரும் கவலைப்படவில்லை. 1875இல், அதாவது ஹாரியட் பிறந்த ஆண்டில், வடதுருவம் நோக்கிப் போன கப்பல்களில் லைம் சாறு இருந்தும் ஸ்கர்வி வந்தது. ஏன் என்று ஒருவருக்கும் புரியவில்லை. ஹாரியட்டின் குழு 1918இல் இரண்டு சாற்றையும் அளந்தது. லைம் சாற்றின் சக்தி லெமன் சாற்றில் நாலில் ஒரு பங்குதான் இருந்தது.

போர் முடிந்தது. ஆனால் தோற்ற நாடான ஆஸ்திரியாவில் பட்டினி முடியவில்லை. வியன்னா நகரத்தில் குழந்தைகளுக்குக் கால் எலும்பு வளைந்துபோனது. அது ரிக்கெட்ஸ் நோய். 1919இல் ஹாரியட் சில பெண் ஆய்வாளர்களோடு அங்கே போனார். நேற்றுவரை எதிரி நாடு. அங்கே பிர்கே என்ற பெரிய குழந்தை மருத்துவர் இருந்தார். ரிக்கெட்ஸ் ஒரு கிருமியால் வருகிறது என்பது அவர் எண்ணம். உணவுதான் காரணம் என்ற பேச்சை அவர் நம்பவில்லை. ஆனாலும் தன் மருத்துவமனையில் இடம் கொடுத்தார். நம்பாத ஒருவர் கதவைத் திறந்துவிட்டாரே, அதற்காக அவரையும் எனக்குப் பிடிக்கும்.

குழந்தைகளில் ஒரு பகுதிக்கு அந்த மருத்துவமனையின் வழக்கமான பால் உணவு. இன்னொரு பகுதிக்குக் காட் மீனின் ஈரல் எண்ணெயும் சேர்த்துக் கொடுத்தார்கள். எக்ஸ்ரே படம் எடுத்து எலும்பைப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் எண்ணெய் கிடைக்காத குழந்தைகள் பலருக்கு நோய் வந்தது. எண்ணெய் கிடைத்தவர்களுக்கு வரவில்லை. எண்ணெய் கொடுக்காமல் விட்டது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எது சரி என்று அப்போது மருத்துவர்களுக்கே தெரியாது என்பது ஒன்று. நோய் வந்த குழந்தைகளுக்கு உடனே வைத்தியம் செய்தார்கள் என்பது இன்னொன்று. இன்று இப்படிச் செய்ய மிகக் கடுமையான விதிகள் இருக்கு.

கோடையில் ஒரு ஆச்சரியம். எண்ணெய் கிடைக்காத குழந்தைகளுக்கும் நோய் வரவில்லை! காரணம் வெயில். நோய் வந்த குழந்தைகளை வெயிலில் படுக்க வைத்தாலும், புற ஊதா விளக்கின் கீழ் வைத்தாலும் எலும்பு தேறியது. மீனெண்ணெய் ஒரு வழி, வெயில் இன்னொரு வழி. இரண்டிலும் கிடைப்பது நாம் இப்போது வைட்டமின் டி என்று சொல்லும் அதே சத்து. 1922 வரை அங்கே வேலை செய்தார்கள். கிருமிதான் காரணம் என்ற பேச்சு அதோடு எடுபடாமல் போனது. அதைக் காட்டியவர் கிருமி ஆராய்ச்சியில் பெயர் வாங்கின ஒருவர்!

இது நம்மைத் தொடுகிற விஷயமும்கூட. நம் கறுத்த தோலுக்கு வைட்டமின் டி செய்ய வெயில் அதிகம் வேண்டும். லண்டன் வெயிலின் லட்சணம் உங்களுக்கே தெரியும். அதனால்தான் இங்கே குளிர்காலத்தில் எல்லோரும் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்தால் நல்லது என்கிறார்கள். தெற்காசியக் குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதுமே அது தேவைப்படலாம் என்றும் சொல்கிறார்கள். வீட்டில் தரும் அந்தச் சின்ன மாத்திரைக்குப் பின்னால் வியன்னாக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பிறகு விருதுகளும் பதவிகளும் வந்தன. அவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1932இல் அரசு விருது. 1949இல் டேம் பட்டம், அதாவது ஆண்களுக்கு 'சர்' போல. 1941இல் உணவு ஆராய்ச்சிக்காக ஒரு சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். 1956 முதல் 1959 வரை அதன் தலைவர். அப்போது அவருக்கு வயது 80ஐத் தாண்டியிருந்தது.

நடுவே இரண்டாம் உலகப் போர். லண்டனில் குண்டு விழுந்தது. ஹாரியட்டின் குழு கேம்பிரிட்ஜில் இருந்த மார்ட்டினின் வீட்டுக்கு மாறியது. பழைய இயக்குநர் மார்ட்டினேதான்! அங்கே கோதுமை மாவை ஆராய்ந்தார்கள். கோதுமையில் 85 சதவீதத்தை மாவாக வைத்துக்கொண்ட போர்க்காலப் பாண் சாம்பல் நிறமாக இருக்கும். மக்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். வெள்ளைப் பாணைவிட அதில் சத்து அதிகம் என்று ஹாரியட் காட்டினார். சாப்பிட்டவர்களுக்கு ருசி பிடித்ததா என்றால், அது வேறு கதை.

1971இல், 96 வயதில், மார்கரெட் ஹியூமோடும் மார்ஜரி மக்ஃபார்லேனோடும் சேர்ந்து லிஸ்டர் நிறுவனத்தின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். 1977 ஜூலை 9ஆம் தேதி, 102 வயதில், இறந்துபோனார்.

அவர் வேலை செய்த கட்டடத்தை நீங்கள் பார்க்கலாம். கோலியர்ஸ் வுட்டில் நார்தர்ன் லைன் ரயில் ஏறி, கெனிங்டனில் மாறி, பேட்டர்சி பவர் ஸ்டேஷனில் இறங்குங்கள். அங்கிருந்து நடந்து செல்சி பாலத்தைக் கடந்தால், வடக்கு முனையில் பெரிய பழைய செங்கல் கட்டடம் ஒன்று நிற்கும். இப்போது அது ஒரு தனியார் மருத்துவமனை. வாசலில் லிஸ்டர் என்ற பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.